தபாலில் மலையேறும் இதழ்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, சில நூறு பிரதிகளே அச்சாகும் கலை இலக்கியச் சிற்றிதழ்களைக் காத்திருந்து படிப்பதைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். இம்மாதம் நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டே கேள்வி கேட்டிருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுவதும் கைப்பேசியில் எதையாவது படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் வரும் ஒரு கலை இதழுக்குக் காத்திருப்பதைப் போல வேறு எதற்கும் காத்திருப்பதில்லை. “எண்பது பக்கத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?” என்று மனைவி கேலி செய்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
ஒரு வாசகர், கோத்தகிரி

பதில் எதுவும் சொல்லாதீர்கள். அடுத்த இதழ் வந்ததும் உறையைக்கூடப் பிரிக்காமல் முதலில் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து யார் ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள் என்று பார்க்கலாம்.

உங்களுக்கு ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நானும் கோத்தகிரிக்காரன்தான். மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வரும்போது அவர் குடையைவிட அவர் பை அதிகம் நனைந்திருக்கும். பழுப்புத் தாளில் சுருட்டி வந்த இதழைப் பிரித்தால் அது மேசையில் படியாமல் மறுபடியும் சுருண்டுகொள்ளும். ஆகவே ஒரு இரவு முழுவதும் அகராதிக்கு அடியில் வைத்துவிடுவேன். அந்த ஒரு இரவு பொறுப்பதும் இன்பத்தில் ஒரு பகுதிதான் என்று நெடுநாள் கழித்தே எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலை, தேநீரும் வர்க்கியுமாக உட்கார்ந்து பின்னட்டையிலிருந்து முன்னோக்கிப் புரட்டுவேன். என் பழைய இதழ்களில் பலவற்றின் நடுமடிப்பில் இன்னும் வர்க்கித் துகள் இருக்கிறது.

ஆனால் தாளும் தபாலும் மட்டும் காரணமாக இருக்க முடியாது; மின்கட்டண ரசீதும் தாளில்தான் வந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் ஒரு கவிதையோ கட்டுரையோ தன் வரிசையிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டுத் தனியாக வந்து நிற்கிறது. அதற்கு முன்னால் எது இருந்தது, பின்னால் எது வரும் என்பதை யாரும் யோசித்து வைக்கவில்லை. நல்ல சிற்றிதழில் அந்த வரிசையே ஒரு படைப்பு. ஒரு நாடகக் கட்டுரைக்கும் நீண்ட கதைக்கும் நடுவே ஒரு கோட்டோவியத்தை வைத்து, அதற்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்ட ஆசிரியர், அந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். மூன்று மாதமாக ஒரு மனிதர் எதையெல்லாம் படித்தார், எதில் மயங்கினார், எதன்மேல் கோபப்பட்டார் என்பதை நாம் இரண்டு மாலையில் படித்துவிடுகிறோம்.

தேடாதது கிடைப்பதும் அதனால்தான். தோல்பாவைக்கூத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று நான் வாழ்நாளில் தேடியிருக்க மாட்டேன். நண்பர் ஒருவரின் கவிதைக்காக வாங்கிய இதழில், ஆட்டுத்தோலை விளக்கொளி ஊடுருவும் அளவுக்குச் சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்கி, அதில் அனுமனின் வாலை வெட்டியெடுக்கும் விதத்தைப் பற்றி ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருந்தார். கவிதையை மறந்துவிட்டேன். அந்தத் தோலை மறக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இதழ் முடிகிறது. எண்பதாம் பக்கத்துக்குப் பிறகு அட்டைதான். கைப்பேசியில் விரல் ஓய்கிறதே தவிரப் படிப்பது முடிவதில்லை.

நண்பர்கள் சொல்லி ஒரு சிற்றிதழுக்குச் சந்தா கட்டினேன். பாதிக்குமேல் புரியவில்லை. புரியாததைப் படிப்பதில் என்ன இன்பம் இருக்க முடியும்? புரிந்ததுபோல் நடிக்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.
கல்லூரி மாணவி, குன்னூர்

நடிப்பவர்கள் இருக்கிறார்கள். புரியாமல் எழுதுவதையே பெருமையாக நினைக்கும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்கங்களைத் தயங்காமல் தாண்டிப் போகலாம். அதற்காக உங்கள் சந்தாவை யாரும் ரத்துசெய்யப் போவதில்லை.

ஆனால் எல்லாப் புரியாமையும் ஒரே வகையல்ல. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, ந. பிச்சமூர்த்தியிலிருந்து அன்றைய இளைஞர்கள் வரை பலருடைய யாப்பற்ற கவிதைகளைத் தொடர்ந்து வெளியிட்டபோது, இது கவிதையே இல்லை என்று சொன்னவர்களில் படிப்பறிவு குறைந்தவர்கள் எவரும் இல்லை. தமிழை நன்றாகக் கற்றவர்களே அப்படிச் சொன்னார்கள். எதுகையும் மோனையும் சீரும் தளையும் இல்லாமல் ஒரு பக்கத்தில் வரிகள் உடைந்து கிடப்பதைப் பார்த்து அவர்களுக்கு எரிச்சல் வந்தது. இன்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் புதுக்கவிதையைப் பாடமாகப் படித்து, பொருள் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அந்த வரிகள் மாறவில்லை. இடையில் இருந்த ஆண்டுகளில் நம் காது பழகிவிட்டது.

சிற்றிதழ் தருகிற இன்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெகுஜனப் பத்திரிகை நாம் ஏற்கெனவே நிற்கிற இடத்துக்கு வந்து நம் தோளில் கைபோட்டுக்கொள்கிறது; அதுவும் வேண்டியதுதான், ரயில் பயணத்துக்கு நான் அதைத்தான் வாங்குகிறேன். சிற்றிதழோ நமக்குச் சற்று முன்னால் நடந்து போய், வளைவில் நின்று திரும்பிப் பார்க்கிறது. எனக்கு இருபது வயதில் ஒரு மொழிபெயர்ப்புக் கதையின் மூன்றாவது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. முப்பத்தைந்தாவது வயதில், காய்ச்சலில் படுத்திருந்தபோது, பெட்டியிலிருந்து அதே இதழை எடுத்துப் படித்தேன். ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. கதை எனக்காகப் பதினைந்து ஆண்டு காத்திருந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் நான் அதைத் தூக்கி எறியாமல் இருந்தது நல்லதாயிற்று.

நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். புரிகிற பாதியை இப்போது படியுங்கள். புரியாத பாதியில் எந்த ஒன்று உங்களை எரிச்சலூட்டுகிறதோ அதன் பக்க எண்ணை மட்டும் உள்ளட்டையில் பென்சிலால் குறித்து வையுங்கள். சலிப்பூட்டியதைக் குறிக்க வேண்டாம், எரிச்சலூட்டியதை மட்டும். அடுத்த கோடை விடுமுறையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சென்னையும் மதுரையும் சேலமும் இதழ் நடத்தியதாகக் கேள்விப்படுகிறோம். நம் மலையிலிருந்து அப்படி ஏதாவது வந்ததுண்டா?
ஒரு வாசகர், ஊட்டி

உங்கள் ஊரிலிருந்தே வந்தது. கவிஞர் பிரம்மராஜன் ஆசிரியராக இருந்து 1980களில் ஊட்டியிலிருந்து கொண்டுவந்த ‘மீட்சி’யை அந்தத் தலைமுறையின் தீவிர வாசகர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உலகக் கவிதைகளையும் புனைகதைகளையும் மொழிபெயர்த்துத் தருவதிலும், கவிதையைப் பற்றிக் கறாராகப் பேசுவதிலும் அதற்குத் தனி முகம் இருந்தது. 1859ஆம் ஆண்டிலேயே நீலகிரி நூலகம் தொடங்கப்பட்ட ஊர் இது. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு இங்கே புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர், தொலைதூர நாட்டுக் கவிஞர்களின் வரிகளை இந்தக் குளிரில் உட்கார்ந்து தமிழிலேயே படிக்க முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. முதன்முதலில் என் கைக்கு வந்த பிரதி, ஒரு நண்பர் பழைய செய்தித்தாள்களோடு கடைக்குப் போடவிருந்தது. அட்டையின் ஒரு மூலை தேநீர்க் கோப்பையின் வட்டக் கறையோடு இருந்தது.

இதழ் அல்ல என்றாலும் இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். துறவியும் தத்துவ அறிஞருமான நித்ய சைதன்ய யதி 1999இல் மறையும்வரை வாழ்ந்த, ஊட்டி ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில் தமிழ் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடிக் கவிதையைப் பற்றி நாள்கணக்கில் பேசியிருக்கிறார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு கவிதையின் ஒரே வரிக்காக ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அதில் கலந்துகொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தகைய இதழ்களில் வரும் ஓவியங்கள் கதைக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கின்றனவே. எதற்காகப் போடுகிறார்கள்?
ஒரு வாசகர், கூடலூர்

சம்பந்தம் இல்லாமல் இருப்பதற்காகத்தான். வார இதழ்த் தொடர்கதைக்குப் போடும் படம், கதாநாயகி மாடியில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தால் அவளை மாடியில் நிறுத்திக் காட்டும். சிற்றிதழ் ஓவியம் தன் வேலையைத் தானே பார்க்கும். 1970இல் ‘வல்லின மாத ஏடு’ என்ற அடையாளத்தோடு ‘கசடதபற’ தொடங்கிய காலத்தில், எழுத்தாளர்களும் சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த ஓவியர்களும் ஒரே வட்டத்தில் பழகினார்கள். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியைக் கோடுகளால் மட்டுமே திரும்பத் திரும்ப வரைந்த கே.எம். ஆதிமூலம், அதே கையால் சிற்றிதழ்களுக்கும் வரைந்தார். தமிழ் எழுத்துகளின் வடிவத்தையே புதிதாக எழுதிக் காட்டினார். இதழின் தலைப்பு எழுத்தைப் பார்த்ததுமே இது எந்த வகை இதழ் என்று இன்று நமக்குத் தெரிந்துவிடுகிறது என்றால் அதில் அவருக்குப் பங்கு உண்டு. ஓவியக் கண்காட்சிக்குப் போக வழியில்லாத மலைக்காரர்களாகிய நாம் நவீன ஓவியத்தைப் பார்த்ததே இந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களில்தானே? ஒருமுறை கதையைப் படிக்காமல் படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்த இதழ்கள் என்னிடம் இருக்கின்றன. சென்ற ஆண்டு மழையில் இரண்டு கட்டுகள் பூஞ்சணம் பிடித்துவிட்டன. வேறு சில பிரதிகளைத் தொட்டாலே நடுப்பக்கம் கம்பிப் பின்னோடு கழன்று வருகிறது. மலையில் இவற்றைக் காப்பாற்ற வழி உண்டா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், அருவங்காடு

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய் என் அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கும் எனக்கும் உள்ள சிக்கல், நமக்கு மழை இரண்டு முறை வருகிறது என்பதுதான். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையோடு பெரும்பாடு முடிந்துவிடும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்து மறுபடியும் சுவரை ஊற வைக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தாளில் பூஞ்சணம் வேரூன்றத் தொடங்கும். ஆகவே முதல் வேலை, அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பது. இதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் செய்கிறார்கள். உள்ளே சென்ற ஈரம் வெளியேற வழியில்லாமல் அதுதான் முதலில் கெடுக்கிறது. பழைய பருத்தித் துணியில் சுற்றி, நெருக்கமாக அடைக்காமல் நிறுத்தி வையுங்கள். வெயில் அடிக்கிற ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிழலில், காற்றோட்டமாகப் பரப்பி ஆற விடுங்கள். நேரடி வெயில் வேண்டாம். மலிவான தாளில் இருக்கும் மரக்கூழுக்கு வெளிச்சம்தான் எதிரி, அது பட்டுத்தான் பழுக்கிறது.

பூஞ்சணம் பிடித்த கட்டுகளைத் தனியே பிரித்துவிடுங்கள். ஈரம் முழுதும் உலர்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது தாளுக்குள் இறங்கிவிடும். பூச்சிக்கு நம் முன்னோர் சுவடிகளுக்குப் போட்ட வசம்பைத் துணியில் முடிந்து வைப்பதை நான் விடவில்லை. பாச்சை உருண்டையின் நெடி எனக்கு ஆகாது.

கழன்று வரும் நடுப்பக்கத்துக்குக் காரணம் அந்தக் கம்பிப் பின்தான். ஈரத்தில் அது துருவேறித் தன்னைச் சுற்றியுள்ள தாளைத் தின்றுவிடுகிறது. ஒவ்வொரு பிரதியாக எடுத்து, பின்னின் கால்களை மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, வெளியே இழுத்துவிட்டு, அதே துளைகளின் வழியே வெள்ளைப் பருத்தி நூலை ஓட்டி முடிச்சுப் போட்டுவிடுங்கள். என் தொகுப்பில் நாற்பது பிரதிகளுக்கு இப்படிச் செய்தேன். ஒரு மார்கழி மாதம் முழுவதும் ஆயிற்று. தைக்கும் சாக்கில் ஒவ்வொன்றையும் மறுபடி படித்ததால்தான் அவ்வளவு நாள்.

இவற்றுக்கு மேலும் ஒரு காப்பு உண்டு. சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய இதழ்களைப் போற்றிக் காக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்க முடிகிறது. உங்களிடம் இருப்பவற்றின் பட்டியலை ஒருமுறை எழுதி, அங்கே இல்லாதது எது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இருநூறோ முந்நூறோ பிரதிகள் அச்சான இதழின் ஒரே முழுத்தொகுப்பு அருவங்காட்டில் இருக்கக்கூடும்.

மூன்றாண்டுச் சந்தா கட்டினேன். நான்கு இதழோடு நின்றுவிட்டது. தகவலும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?
ஒரு வாசகர், மஞ்சூர்

எனக்கும் நடந்திருக்கிறது. இதழின் பெயர் வேண்டாம். ஐந்தாவது இதழுக்காக ஓராண்டு காத்திருந்து, இரண்டு கடிதம் எழுதி, பதில் வராமல் கோபப்பட்டு, கோபத்தையும் மறந்துவிட்ட பிறகு, ஒரு நாள் தடித்த உறை வந்தது. உள்ளே, மீதிச் சந்தாவுக்கு ஈடாக, ஆசிரியரே எழுதிய கவிதைத் தொகுப்பின் இரண்டு பிரதிகள்! ஒன்றே போதுமாக இருந்தது.

ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வணிகம் தெரிந்தவர்கள் இந்த வேலைக்கு வருவதே இல்லை. செல்லப்பா தம் வெளியீடுகளை மூட்டையாகக் கட்டி ஊர் ஊராகச் சுமந்து விற்றார். ‘எழுத்து’ 1970 வரை தாக்குப்பிடித்து 119 இதழ்கள் வந்ததே பெரிய செய்தி. அன்று அச்சுக்கூலி பயமுறுத்தியது, இன்று தபால் செலவு. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுக்கொண்டு வரும் இதழ்களுக்குப் பதிவுபெற்ற பத்திரிகைகளின் அஞ்சல் சலுகை கிடையாது. புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் பதிவுசெய்து அனுப்ப உதவிய பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. ஒரு பிரதி தொலையாமல் மஞ்சூர் வந்து சேர வேண்டுமென்றால் ஆசிரியர் முன்னைவிடக் கூடுதலாகச் செலவிட்டாக வேண்டும்.

அதற்காக அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. இதழ் நின்றுவிட்டது என்று சந்தாதாரருக்கு ஒரு வரி எழுத ஐம்பது காசு அஞ்சலட்டை போதும். வாசகரின் பணத்தைவிட அவருடைய காத்திருப்பு மதிப்புள்ளது. அதைக் கேட்பாரற்று விடுவது முறையல்ல. நீங்கள் இனி ஓராண்டுச் சந்தா மட்டும் கட்டுங்கள், மூன்றாண்டு வேண்டாம். ஆயுள் சந்தா என்று யாராவது கேட்டால் யாருடைய ஆயுள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதழ்களை இரவல் கொடுக்கலாமா?
ஒரு வாசகி, வெலிங்டன்

கொடுங்கள், திரும்பி வராது என்று தெரிந்தே கொடுங்கள். நான் கொடுத்த ஒன்று மட்டும் மூன்று ஆண்டுகள் கழித்து, எனக்குத் தெரியாத மூன்றாவது ஒருவரிடமிருந்து, வீட்டு வாசலுக்கு வந்தது. அதில் ஒரு நாவல் மதிப்புரையின் ஓரத்தில் அந்த அந்நியர் மூன்று இடங்களில் பென்சிலால் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். முதல் இரண்டு ‘இல்லை’களுக்கு எனக்குக் கோபம் வந்தது. மூன்றாவது இடத்தில் அந்த மதிப்புரையை மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.